ஒரு பையும் ஒரு பாயும்

சாரணியர் முகாமிற்கு ஒருவருக்கு ஒரு பையும் ஒரு பாயும்தான் என்று ஆசிரியை கூறிவிட்டார். மூன்று நாள் உடை, போர்வை, தட்டு, டம்ளர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வழி கூறியவர் என் ஆச்சி.

நம் தாமிரபரணிக் கரையின் பத்தமடைப் பாய் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. கோரையை மெல்லியதாகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாயைத் துணிபோல் மடிக்கலாம். ஆனால், மணமக்கள் பெயர் நெய்த தம் கலியாணப் பாயை ஆச்சி தருவார்களா? எனக்குக் கிடைத்தது சாதாரணக் கோரைப்பாய். மடித்தால் ஒடிந்துவிடும், சுருட்டத்தான் வேண்டும்.

"சுருட்டுன பாய்க்கு நடுவுல பொந்து கிடக்குல்லா, அதை ஏம்மா சும்மா விடுத?" என்றார் ஆச்சி.

உடைகளை ஒவ்வொன்றாக இறுகச் சுருட்டினேன். மடிப்புகளுக்கிடையே நிற்கும் காற்று வெளியேறியதால் அவை சிறுத்தன. அவற்றைப் போர்வையில் பொதிந்து, பாயின் நடுவில் வைத்துச் சுருட்டிக் கயிற்றால் கட்டினேன். தலையணைக்குப் பதில் உறை மட்டும் எடுத்தேன். இரவில் மாற்றுடைகளை அதில் திணித்தால் தலையணை தயார்!

பையில் இடம் மிஞ்சியது. பழைய சேலைகளை மடித்துத் தைத்த ஆச்சியின் போர்வையை அதில் வைத்தேன். போர்வை இல்லையென்று முகாமிற்கு வரத் தயங்கிய என் தோழி, அதைப் போர்த்திக்கொண்டு என்னருகில் நிம்மதியாக உறங்கினாள்.

தோழியரே, நம் சுமையைச் சுருக்கினால் பிறருக்கும் அதில் இடமுண்டு.