மடி கட்டிய ஒட்டகம்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் ஹவுளின் அருகே நாம் அமர்ந்திருந்தபோது, நம் சகோதரியின் மகன் வந்து சேர்ந்தான். கைத்தொலைபேசியில் ஒரு வாகனத்தின் படத்தைக் காட்டினான். வெள்ளை நிற இன்னோவா. 2012ஆம் ஆண்டு வண்டி. வீட்டில் ஆட்கள் பெருகிவிட்டனர். கல்யாண வீடு, மையித்து வீடு என்று எங்குப் போவதானாலும் இரண்டு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது அவன் முறையீடு. விலையையும் ஏறக்குறையப் பேசி முடித்திருந்தான்.

"மாமா, நாளைக்கு நீங்க வந்து ஒரு ஃபாத்திஹா ஓதி, அட்வான்ஸை உங்க கையாலே கொடுத்துட்டாப் போதும்" என்றான்.

"ஃபாத்திஹா பிறகு ஓதலாம். முதலில் மெக்கானிக் வரட்டும்" என்றோம்.

மருமகனின் முகம் வாடிற்று. விற்பவர் தெரிந்த மனிதர்; ஐவேளையும் ஜமாஅத்தில் நிற்பவர்; மெக்கானிக்கோடு போய் நின்றால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா என்று கேட்டான். அதற்கு விடை கூற வேண்டுமானால், பல ஆண்டுகளாக வீட்டாரிடங்கூட நாம் முழுமையாகச் சொல்லாத ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அன்று அவனிடம் பாதியைத்தான் சொன்னோம்.

2015ஆம் ஆண்டில் நாம் ஒரு சிறிய டீசல் காரை இரண்டாம் கையாக வாங்கினோம். எந்தக் கம்பெனியின் வண்டி என்பது இங்கே தேவையில்லை, குற்றம் வண்டியினுடையதன்று. புரோக்கர் ஒருவர் அழைத்துச் சென்றார். நாம் பெயின்டைப் பார்த்தோம், கதவுகளைத் திறந்து மூடினோம், ஏ.சி. குளிர்கிறதா என்று முகத்தைக் காட்டினோம். பானெட்டைத் திறந்தபோது உள்ளே எஞ்சின் கல்யாண வீட்டுத் தேக்சாவைப் போலப் பளபளத்தது. நாம் போய்ச் சேரும்போதே வண்டி ஓடிக்கொண்டு நின்றது. நமக்காக ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று அதை மரியாதையாக எடுத்துக்கொண்டோம். எஞ்சினைக் கழுவுவது கசிவின் தடத்தை அழிப்பதற்கு என்பதும், முன்கூட்டியே சூடாக்கி வைப்பது குளிர்ந்த எஞ்சின் காட்டிக்கொடுக்கும் ஓசையையும் புகையையும் மறைப்பதற்கு என்பதும் அப்போது நமக்குத் தெரியா.

நான்கு மாதங்கள் ஓடிற்று. ஓரிரவு மதுரைச் சாலையில் கோவில்பட்டியைத் தாண்டிய இடத்தில், ஒரேயொரு சத்தத்தோடு எஞ்சின் நின்றுவிட்டது. பின்னிருக்கையில் நம் மனைவியும் அவருடைய முதிய தாயாரும் இருந்தனர். லாரிகள் விரையும் சாலையோரத்தில் மூன்று மணி நேரம் நின்றோம்.

மறுநாள் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் அண்ணாச்சி ஒரு மூடியைக் கழற்றி, பல் உதிர்ந்து அறுந்துபோன ரப்பர்ப் பட்டை ஒன்றை வெளியே எடுத்தார். அதுதான் டைமிங் பெல்ட். கீழே சுழலும் கிராங்க் தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் பிணைத்து வைப்பது அதுவே. அது அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் நிற்பதில்லை. மேலேறும் பிஸ்டன்கள் திறந்து கிடக்கும் வால்வுகளின் மேல் மோதும். வால்வுகள் வளைந்துவிடும். சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் மாற்றியிருக்க வேண்டிய பட்டைக்காக நாம் 48,000 ரூபாய் கொடுத்தோம்.

"இந்த எஞ்சினுக்கு இது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதில்லா ஹஸ்ரத்! இத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்க மாத்தணும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கே. கேக்காமலா வாங்கினிய?" என்றார் அண்ணாச்சி.

கேட்காமல்தான் வாங்கினோம். அதிலும், வியாபாரப் பொருளின் அய்புகளைப் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் நாம்!

மனிதருக்கு இருப்பதுபோல ஒவ்வோர் எஞ்சினுக்கும் அறியப்பட்ட சுபாவம் ஒன்று உண்டு. அதை முதலில் தெரிந்துகொண்டே வண்டியின் முன் போய் நிற்க வேண்டும். இத்தாலிய ஃபியட் கம்பெனியில் பிறந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினைப் பாருங்கள். மாருதி ஸ்விஃப்டில் 2007 முதல் அது வந்தது; டாட்டா வண்டிகளிலும் பொருத்தப்பட்டது. இந்தியாவின் தேசிய எஞ்சின் என்று வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்குப் பரவிற்று. 2020 ஏப்ரலில் புதிய புகைக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. அதில் இருப்பது பெல்ட் அன்று; இரும்புச் சங்கிலி. அறுக்காது என்று நம்பி ஆயில் மாற்றாமல் ஓட்டுவோரிடம் அச்சங்கிலி மெல்ல நீண்டு தளரும். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சில நொடிகள் ஒலிக்கும். சூடேறிய வண்டியில் அவ்வொலி கேட்காமற் போகலாம்.

இன்னோவாவின் கதை வேறு. 2005இல் இங்கு வந்த அதன் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் உழைப்புக்குப் பெயர் பெற்றது. அந்தப் பெயரேதான் வாங்குவோருக்கு ஆபத்தும் ஆகிறது. எத்தனை இலட்சம் ஓடினாலும் தாங்கும் என்பதால், டாக்சியாக ஓடித் தேய்ந்த வண்டியின் மீட்டரைக் குறைத்து வைத்தாலும் எஞ்சின் உடனே காட்டிக்கொடுப்பதில்லை. 2016இல் வந்த கிரிஸ்டாவின் எஞ்சினில் சங்கிலி இருக்கிறது. அதற்கு முந்தியதில் பெல்ட். குறித்த தூரம் ஓடியதும் 'டி-பெல்ட்' என்று மீட்டர்ப் பலகையில் ஒரு விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றிய பிறகு அவ்விளக்கை அணைப்பதற்கு ஒரு முறை உண்டு. பெல்ட்டை மாற்றாமலேயும் அதே முறையால் அணைத்துவிடலாம்!

இதைக் கேள்விப்பட்ட அன்று நமக்கு முஸர்ராத்தின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. விற்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஒட்டகத்தின், ஆட்டின் மடியைக் கட்டிப் பாலைத் தேக்கி, வாங்க வருபவனுக்கு மிகுந்த கறவையாகக் காட்டும் தந்திரத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்தவன் மூன்று நாட்களுக்குள் பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம். கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வந்த செய்தி. (ஹனஃபி மத்ஹபினர் இங்கே வேறு கருத்துக் கொண்டவர்கள். அந்த விவாதத்துள் இப்போது நுழைய வேண்டா.) இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், நீராலைக்கு வரும் தண்ணீரைத் தேக்கி வைத்து விற்பனை வேளையில் திறந்துவிடுவதையும் இதே வரிசையில் வைத்துள்ளார்கள். ஓர் இயந்திரம் அதன் உண்மையான வலிமைக்கு மிகுதியாக ஓடுவதுபோலக் காட்டுவது! ஆனால் அங்கேயே இன்னொன்றும் உண்டு. அக்காலத்தில் அடிமையின் ஆடையில் மையைத் தெறித்து, அவன் எழுதத் தெரிந்தவன் என்று எண்ண வைத்து விற்றால், ஏற்கத்தக்க கருத்தின்படி வாங்கியவனுக்குத் திருப்பும் உரிமை இல்லை. விசாரித்திருக்க வேண்டியவன் அவனே. அணைக்கப்பட்ட விளக்கு கட்டிய மடியைச் சேர்ந்தது. கழுவிப் பளபளப்பாக்கிய எஞ்சின் மைத்துளியைச் சேர்ந்தது என்பது நம் எண்ணம். முந்தியதில் நாம் ஏமாற்றப்படுகிறோம். பிந்தியதில் நாமே ஏமாறுகிறோம்.

மறுநாள் ஸுப்ஹு தொழுத கையோடு அண்ணாச்சியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டா என்று விற்பவரிடம் முந்திய இரவே சொல்லி வைத்திருந்தோம். அண்ணாச்சி சாவியைக் கேட்கவில்லை. முதலில் உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்புறத்தை விரலால் வழித்தார். அங்கே பால் நிறத்தில் நுரைபோல் படிந்திருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று நோக்கினார். பிறகு சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் விளக்குகளை எண்ணினார். எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிந்து பின்பு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பழுது இல்லை என்று பொருளன்று, விளக்கையே யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று பொருள் கொள்ள இடமுண்டு.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் புகைக்குழாயின் பின்னே நம்மை நிற்கச் சொன்னார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. நெடுநேரம் நீங்காத வெள்ளை என்றால் தண்ணீர். கருமை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, உள்ளிருந்து புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா என்று பார்த்தார். தள்ளினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கும். சிறு கருவி ஒன்றைச் செருகிப் பிழைக்குறிகளைப் படித்தார். அவற்றை முன்னதாக அழித்து வைத்தாற் கருவியும் சற்று நேரம் ஊமையாக இருக்கும். எனவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டி வந்து மறுபடி செருகினார். மருமகன் தன் பங்குக்கு அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டி, எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா, காப்பீடு உள்ளதா என்று பார்த்தான். சர்வீஸ் பில்களைக் கேட்டபோது விற்பவர் ஒரு கட்டைக் கொண்டுவந்தார். அதில் எல்லாம் இருந்தன. பெல்ட் மாற்றிய பில் மட்டும் இல்லை.

"விளக்கு எரியவே இல்லையே" என்றார் அவர். அவர் பொய் சொன்னதாக நாம் கருதவில்லை. அவர் மூன்றாம் உரிமையாளர். அவருக்கு முன்பே யாரோ அதை அணைத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி பெல்ட் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நம்மைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில், "பெல்ட்டுல வெடிப்பு இருக்கு. அவர் முன்னால சொல்ல வேண்டாம்னு பாத்தேன்" என்றார். அவர் முன்னாலேயே சொல்லுங்கள் என்றோம். சொன்னார். விற்பவர் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, பெல்ட்டுக்கும் அதை இறுக்கும் டென்ஷனருக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் வாஸிலா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி வருகிறது. ஒருவர் தம் பெண் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற வாஸிலா (ரலி) அவர்கள் கவனியாதிருந்தபோது வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிச் சென்றுவிட்டார். பின்னாலேயே ஓடி, இறைச்சிக்கா, சவாரிக்கா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் பாதத்தில் ஓட்டை இருப்பதைத் தாம் கண்டதாகவும், தொடர்ந்து நடக்க அதனால் முடியாதென்றும் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹத்தைக் குறைத்துக்கொண்டு, என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வருந்தினார். வாஸிலா (ரலி) அவர்கள் விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர், பார்த்துக்கொண்டு நின்றவர்.

இதை எழுதும்போது நம் கை தயங்குகிறது. மருமகனிடம் அன்று சொல்லாத மறுபாதி இதுதான்.

48,000 ரூபாய் செலவிட்ட அந்தக் காரை நாம் 2017இல் விற்றோம். அப்போது அது ஆயில் குடிக்கத் தொடங்கியிருந்தது. காலையில் நீலப்புகை தள்ளும். கெட்டியான ஆயிலை ஊற்றினாற் புகை தெரியாது என்றார் புரோக்கர். அது மடியைக் கட்டும் வேலை, ஹராம் என்று பெருமையோடு மறுத்தோம். ஆயினும் வாங்க வந்த இளைஞர் பிற்பகலில் வந்தார். நாம் அப்போதுதான் மதரஸாவிலிருந்து அவ்வண்டியில் திரும்பியிருந்தோம், எஞ்சின் சூடாக இருந்தது, புகை வரவில்லை. "பழைய வண்டி, உள்ளது உள்ளபடி தருகிறோம், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் நம் தாடியையும் தலைப்பாகையையும் பார்த்தார். "ஹஸ்ரத் வண்டி, இதுல பாக்க என்ன இருக்கு?" என்று பணத்தை எண்ணிவைத்தார். நாம் வாங்கிக்கொண்டோம்.

ஈராண்டுகள் கழித்து, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்பதைப் பற்றிய பாடம் வந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் அந்நிபந்தனை ஓரிடத்தில் மட்டுமே விற்றவனைக் காக்கும்: உயிருள்ள பிராணியிடம் மறைந்திருந்து, விற்றவனும் அறியாதிருந்த குறை. மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஸ்ரத், கார் எஞ்சினும் உள்ளே மறைந்துதானே இருக்கிறது? அதைப் பிராணியாகக் கொள்ளலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பிராணி உண்ணுகிறது, அதன் உடல்நிலை மாறிக்கொண்டேயிருக்கிறது, நோயை வெளிக்காட்டாமல் இருந்துவிடுகிறது. இயந்திரம் அவ்வாறன்று, ஆகவே கொள்ள முடியாது என்று விளக்கினோம். அடுத்த நிபந்தனைக்கு வந்தோம்: விற்றவன் அதை அறியாதிருக்க வேண்டும். அதைச் சொன்ன பின்பு மேலே நமக்குப் பேச்சு வரவில்லை. பாடத்தை அத்தோடு நிறுத்திவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை 15,000 ரூபாயை உறையில் வைத்துக்கொண்டு தென்காசிப் பக்கம் அந்த இளைஞரின் கடையைத் தேடிப் போனோம். செய்தியைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டார்.

"அதை ஆறே மாசத்துல தள்ளிட்டேன் ஹஸ்ரத். கெட்டி ஆயில் ஊத்துனேன், கேரளாக்காரர் ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்றார். உறையை வாங்க மறுத்து, நமக்குத் தேநீர் வரவழைத்தார். கேரளாக்காரரின் முகவரி அவரிடம் இல்லை.

இன்னோவா வீட்டுக்கு வந்த அன்றிரவு, மருமகனின் தொலைபேசியை வாங்கிப் பரிவாகன் தளத்தைத் திறக்கச் சொன்னோம். பழைய காரின் எண் நமக்கு மனப்பாடம். அவன் தட்டினான். காப்பீடு நடப்பில் இருந்தது. ஆகவே வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் உரிமையாளர் என்று காட்டிற்று. பெயரின் பெரும்பாலான எழுத்துகள் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டிருந்தன.

"யாரு வண்டி மாமா இது?" என்றான்.

நாம் விற்ற வண்டி என்றோம். பிறகு மறுபாதியையும் அவனிடம் சொன்னோம்.