மாங்கனிக்குக் கூடிய செட்டு

காரைக்காலில் படித்தவர்கள் ஒன்றுகூட வேண்டுமானால் தேதிக்காக அடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழாவே தேதி. பொங்கலுக்கு வராதவனும் மாங்கனிக்கு வந்துவிடுவான். 1990-களில் பள்ளி முடித்த எங்கள் செட்டும் விழாவை அடுத்த சனி, ஞாயிறில்தான் கூடியது. பாதிப் பேர் முன்கூட்டியே வந்து பாரதியார் வீதியில் தெரிந்தவர் மாடிகளில் இடம் பிடித்துவிட்டார்கள்.

புனிதவதியின் கதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மதபேதமில்லாமல் தெரியும். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிட்டாள். மற்றதைச் சாப்பிட்ட கணவன் இன்னொன்றும் கேட்க, இறையருளால் ஒரு பழம் கைக்கு வந்தது. அவளே பின்னாளில் காரைக்கால் அம்மையார். விழாவில் மாப்பிள்ளை அழைப்பும் திருக்கல்யாணமும் முடிந்து, பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் வீதியுலா வரும்போது, வீடுகளின் மாடிகளிலிருந்து கூட்டத்தின்மேல் மாம்பழங்களை வீசுவார்கள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை விரித்து நிற்பார்கள். பையன்களான எங்களுக்கோ எவன் சட்டைக்குள் எத்தனை பழம் என்பதே கணக்கு. இப்போது மாடியிலிருந்து வீசும் வயது. குறிபார்த்து ஒரு நண்பனின் வழுக்கையில் எறிந்த பழம் சரியாகவே போய் விழுந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: சால்வை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ. அதைவிட, சாப்பாட்டுக்குப் பின் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பேசிய இரண்டு மணி நேரம்தான் ஊரின் உண்மையான சரித்திரம்.

1739-இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற ஊர் இது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளவும் வழி இருந்தது. அதனால்தான் எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவன் இன்று பாரிஸ் புறநகரில் இருக்கிறான், இன்னொருவன் இங்கேயே நெடுங்காட்டில் நெல் விதைக்கிறான். பாரிஸ்காரனின் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தா, அதாவது சிப்பாய். தாத்தா எடுத்த ஒரு முடிவில் பேரனின் பாஸ்போர்ட் நிறம் மாறிவிட்டது. பள்ளியில் எங்களுக்கு இந்தச் சரித்திரத்தால் கிடைத்த நேரடி லாபம், ஆகஸ்ட் 15-ஐ அடுத்து 16-உம் விடுமுறை என்பதுதான். அடுத்திருந்த தமிழ்நாட்டு நாகூர்ப் பையன்கள் இதைக் கேட்டுப் பொருமுவார்கள்.

எங்கள் காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே நண்டலாற்றையோ தெற்கே வாஞ்சூரையோ தாண்டினால் வேறு அரசு. பாடப் புத்தகம் தமிழ்நாட்டுடையது, ஆட்சி புதுச்சேரியுடையது என்று எங்கள் காலத்தில் ஓடியது. இப்போது அரசுப் பள்ளிகளும் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. இதில் நல்லது கெட்டது பற்றி, செட்டில் ஆசிரியராக இருக்கும் இருவரும் காபி ஆறும்வரை சண்டை போட்டார்கள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. 2009-இல் வாஞ்சூர்ப் பக்கம் துறைமுகம், 2010-இல் என்ஐடி, 2011-இல் நாகூரிலிருந்து அகலப்பாதை ரயில், பிறகு ஜிப்மர் கிளை. எல்லாம் நாங்கள் பிழைப்புத் தேடிக் கிளம்பிய பிறகு வந்தவை. கடலோரம் நடந்தபோது இதைவிடக் கனமான பேச்சும் வந்தது. 2004 சுனாமியில் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களில் உறவுகளை இழந்த வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடு நடந்தார்கள். அவர்கள் பேசினால் கேட்டோம், பேசாதபோது நாங்களும் பேசவில்லை.

ஞாயிறு மாலை, அடுத்த சந்திப்பைப் புதுச்சேரியில் ஒரு ரிசார்ட்டில் வைக்கலாம் என்று ஒருவன் ஆரம்பித்தான். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பன் பாதியிலேயே மறித்தான். சொந்தத் தலைநகரைப் பார்க்கத் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அடுத்த மாநிலத்தைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் போகவேண்டியிருப்பது அவனுக்கு மாதாந்திர வேலை. “ஃபைலத் தூக்கிட்டு அங்க அலையறது பத்தாதாடா மாப்ள? மாங்கனிக்கு எல்லாரும் இங்க வந்து சேருங்க” என்றான். தீர்மானம் நிறைவேறியது.