மணலில் ஊறிய நன்னீர்

முதுகில் பையைச் சுமந்துகொண்டு தீவு காணப் புறப்படுவது வாலிபர்க்கு உரிய பழக்கம் என்றே நாமும் எண்ணியிருந்தோம். ஐம்பத்தேழு வயதில், ஒரு பக்கம் செபப் புத்தகமும் மறுபக்கம் சர்க்கரை மாத்திரைகளுமாக நாம் இராமேசுவரத் தீவுக்குக் கிளம்பியதைக் கண்டு, நமது கோயில்பிள்ளை வாய்விட்டே சிரித்துவிட்டார். சென்ற ஆவணியில் நடந்தது இது.

உடன் வந்தவர் நம் பழைய நண்பர். சிறிய குருமடத்தில் இரண்டாண்டுகள் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர். தந்தையார் நோயில் விழுந்ததும் படிப்பை விட்டு, ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றிருக்கிறார். அந்தக் குருமடத்தில் முதிய ஆசிரியர் ஒருவர், ‘போட் மெயில்’ வண்டியில் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் இறங்கிய தமது இலங்கைப் பயணத்தை வாரம் ஒருமுறையேனும் சொல்லுவார். ‘பெரியவர்களானதும் நாமிருவரும் அத்தீவுக்குப் போவோம்’ என்று அந்நாளில் செய்துகொண்ட உடன்படிக்கை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. ஓய்வு பெற்ற மறுவாரமே நண்பர் அறைவீட்டுக்கு வந்து, “சாமி, இனி எனக்கு லீவு கேட்க ஆளில்லை” என்றார். தமது கையாலேயே தைத்த இரண்டு தோல் முதுகுப்பைகளையும் கொண்டுவந்திருந்தார். வெறும் பையே ஒரு குழந்தையின் கனம் கனத்தது. அன்பின் சுமை என்று தாங்கிக்கொண்டோம்.

வேலூரில் இரவுப் பேருந்து, விடியுமுன் மதுரை, அங்கிருந்து வேறொரு பேருந்து. மண்டபம் கடந்து பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டி ஏறியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. 1988 அக்டோபரில் இப்பாலம் திறக்கப்படும் வரை, இத்தீவுக்கு இரயில் அல்லது படகு தவிர வேறு வழியில்லை. 1914 முதல் உழைத்த பழைய இரயில் பாலத்துக்கு ஓய்வு கொடுத்து, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம் பக்கவாட்டில் தெரிந்தது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்புமாம். நாம் பார்த்த நேரத்தில் கப்பல் ஏதும் வரவில்லை. பாலத்தின் நடுவில் கடற்காற்று முகத்தில் அறைந்தது. நண்பர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சை இழுத்து, இழுத்து, வியப்போடு நம்மைத் திரும்பிப் பார்த்து, “சாமி, மூக்கே காலியா இருக்குது” என்றார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வாசகர்களுக்கு இவ்வாக்கியத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

இராமேசுவரத்தில் பெருங்கோயிலின் கோபுரத்தைக் கண்டு, இட்டிலி உண்டு, அதிக நேரம் தங்காமல் தனுஷ்கோடிக்குப் பேருந்து ஏறினோம். 2017இல் போடப்பட்ட நேர்ச்சாலை அது. அதற்கு முன் மணலில் வேன்களும் ஜீப்புகளும் திணறித் திணறிச் செல்லும் என்பார்கள். சாலைக்கு இருபுறமும் கடல். ஒருபுறம் ஏரிபோல் அடங்கிக் கிடக்க, மறுபுறம் இரைந்துகொண்டிருந்தது.

பழைய ஊரில் இறங்கினோம். 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் புகுந்து அழித்த ஊர் அது. பாம்பனிலிருந்து வந்த பயணி வண்டி நிலையத்தை எட்டுமுன்பே அலையில் அமிழ்ந்து, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. நிலையத்தின் இடிந்த சுவர்களைக் கடந்து கோயிலுக்குச் சென்றோம். கூரை இல்லை. பவளப் பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்கள் பாதி நிற்கின்றன. பீடம் இருந்த இடம் தெரிகிறது. எத்தனை திருமணங்களை ஆசீர்வதித்த இடமோ என்று நினைத்தவாறு இறந்தோருக்காகச் சிறிது நேரம் செபித்தோம். நண்பர் முழந்தாளிடாமல் சுவர்க் கற்களைத் தடவிக்கொண்டிருந்தார். தோலைத் தொட்டே தரம் சொல்லும் கை அது.

தாகம் எடுத்தது. கோயிலை அடுத்துச் சங்கும் சிப்பியும் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் தண்ணீர் கேட்டோம். அவர் சற்றுத் தள்ளி, மணலில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்த ஒரு குழியில் சிரட்டையால் நீர் மொண்டு நண்பர் கையில் கொடுத்தார். அலை வந்து தொடும் இடம் அங்கிருந்து ஐம்பது அடி தூரம் இருந்தால் அதிகம். நண்பர் ஒரு வாய் பருகி, நாக்கில் வைத்துக் காத்திருந்தார். பிறகு மீதியை ஒரே மூச்சில் குடித்தார்.

“உப்பே இல்லையேம்மா?”

“மழைத் தண்ணி மேல நிக்குது ஐயா. ஆழமாத் தோண்டினா உப்பு வந்துரும்.”

உண்மையே. மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீரைவிட இலேசானது. ஆகவே அதன்மேல் மிதந்து நிற்கிறது. பேராசைப்படாமல் மேலாக மொண்டால் நன்னீர்.

நண்பர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் எதை நினைத்தார் என்பது நமக்குத் தெரியும். பச்சைத் தோல் அழுகாதிருக்க அள்ளி அள்ளி உப்பிடுகிறார்கள். தொழிற்சாலையில் முதல் வேலை அவ்வுப்பை ஊறவைத்துக் கழுவுவது. அந்நீர் ஆண்டாண்டாகப் பாலாற்றுப் பக்கம் சென்றது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது நம் மாவட்டத்து வழக்கில்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் நீரில் கரைந்த உப்பு எளிதில் விலகுவதில்லை. நிலத்தில் இறங்கியது இறங்கியதுதான். கடலிலிருந்து எத்தனையோ காதம் தள்ளியிருந்தும், நண்பரின் வீட்டுக் கிணறு உப்புக் கிணறாயிற்று. அவர் வேலை பார்த்ததோ தோல் ஊறவைக்கும் பிரிவில்.

இதை எழுத வேண்டுமா என்று பலமுறை தயங்கினோம். நாம் அங்கே உதவிப் பங்குத் தந்தையாய் இருந்த காலத்தில், நண்பரின் தாயார் ஒரு சொம்பில் அக்கிணற்று நீரைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். “பிரசங்கத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி” என்றார். பங்கு மக்களில் பாதிப்பேரின் சோறு அத்தொழிலில் இருந்தது. ஆலயத்துக்குப் புதுக் கூரை போடும் வேலையும் அப்போது நடந்துகொண்டிருந்தது. நன்கொடைப் பட்டியலில் யார் யார் பெயர் இருந்தது என்பது நமக்குத் தெரியும். ‘பார்க்கலாம்’ என்றோம். அவ்வம்மையார் இறக்கும் வரையிலும் பார்க்கவில்லை.

அந்த மணலில் அதை நண்பரிடம் சொன்னோம். அவர் நம்மைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

“தெரியும். அம்மாவை அனுப்பினதே நான்தான்.”

நமக்குப் பேச்சு எழவில்லை.

“நான் வந்து கேட்டா முதலாளி காதுக்குப் போயிடும். அதான் அம்மாவை அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை பூசையில நீ மேடை ஏறினதும் எனக்குக் கை நடுங்கிச்சு. பேசிடுவியோன்னு பயம். பேசமாட்டியோன்னும் பயம். ரெண்டு பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிட்டிருந்த நேரம்டா அது.”

நமக்குக் குருப்பட்டம் ஆன நாள்முதல் அவர் நம்மைச் ‘சாமி’ என்றும் ‘நீங்கள்’ என்றும் அன்றி அழைத்ததில்லை. அன்று மாலை வரை ‘நீ’ என்றே பேசினார். பேருந்து நிலையத்தில் ஆட்களைக் கண்டதும் மறுபடி ‘சாமி’ ஆகிவிட்டோம்.

புறப்படும்போது அவர் அந்த அம்மாளிடம் கேட்டு ஒரு போத்தல் நிறைய ஊற்றுநீர் பிடித்துக்கொண்டார். காசு கொடுத்ததற்கு அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு, இரண்டு சிப்பி மாலைகளைப் பைக்குள் திணித்தார். திரும்பும் வழியில், பரமக்குடிக்கு அருகே, வெக்கையில் நமக்கு நாக்கு வறண்டது. போத்தலுக்குக் கை நீட்டினோம். ஒரு வாய் குடிக்க விட்டு, மூடியை இறுகத் திருகிப் பையின் அடியில் வைத்தார்.

“மீதி யாருக்கு?” என்றோம்.

“பேத்திக்கு. அவ பொறந்ததிலேருந்து கேன் தண்ணிதான் குடிச்சிருக்கா” என்றார்.