யார் வீட்டு மலை?

ஒரு மலை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் நீங்கள் உடனே, "பட்டா யார் பேரில் சார்?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். நார்வேக்காரர்கள் இதையே இரண்டு கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள். நிலம் யார் பேரில் இருக்கிறது என்பது ஒன்று. அதில் யார் நடக்கலாம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில், பத்திரத்தில் இருக்கிற பெயர். இரண்டாவதற்குப் பதில், எல்லோரும்!

வெறும் பேச்சு இல்லை. 1957-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். பயிர் செய்யாத எந்த நிலத்திலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். காடு, மலை, கடற்கரை எல்லாம் சேர்த்தி. கூடாரம் போட்டுப் படுக்கலாம். ஆள் வசிக்கிற வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்குவதானால் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பயிர் நிலத்தில் நுழையக் கூடாது. ஆனால் அதிலும் ஒரு சலுகை. குளிர்காலத்தில் பனி மூடி, மண் உறைந்து கிடக்கும்போது அதன் மேலும் நடக்கலாம். பயிர்தான் இல்லையே, உனக்கென்ன நஷ்டம் என்று சட்டமே விவசாயியைக் கேட்கிறது.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்றுதான் புத்தி போகும். இவ்வளவு தாராளமாகத் திறந்துவிட்டால் கணக்கு எங்கேயாவது இடிக்குமே என்கிற சந்தேகத்தோடுதான் 2023 ஜூலைக் கடைசியில் அந்த நாட்டின் வடகரைக்குப் போனேன்.

பூடோ என்ற ஊரிலிருந்து படகில் மூன்று, மூன்றரை மணி நேரம். முதலில் அடிவானத்தில் பல்வரிசை மாதிரி ஏதோ தெரிகிறது. மேகமாக்கும் என்று நினைப்பீர்கள். கிட்டே போகப் போக அது மலையாகிறது. கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிற கறுப்புக் கல் மலைகள். அடிவாரம், சரிவு என்கிற மரியாதையெல்லாம் கிடையாது. தண்ணீர் முடிந்தால் மலை. இடுக்கில் ஒரு விரற்கடை நிலம் கிடைத்தால் அதில் நாலு சிவப்பு வீடு. இதுதான் லொஃபோட்டன் தீவுக் கூட்டம். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. ஆனாலும் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் வந்து தொட்டுவிட்டுப் போவதால் குளிர்காலத்திலும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியேதான் நிற்கும்.

அந்தப் பூஜ்யம்தான் அந்த ஊரின் முதலீடு. ஜனவரி பிறந்தால் பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிட இங்கே வருகின்றன. பிடித்து, தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப் பந்தல்களில் தொங்கவிட்டுவிடுகிறார்கள். உப்பு ஒரு சிட்டிகை கிடையாது. பிப்ரவரியிலிருந்து மே வரை காற்றும் குளிரும்தான் வேலைக்காரர்கள். இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் மீன் உறைந்து கெட்டுப் போகும். இன்னும் கொஞ்சம் வெயில் அடித்தால் ஈ மொய்க்கும். சரியான அளவு இங்கேதான். இந்த உப்பில்லாக் கருவாடு இத்தாலிக்குப் போகிறது. தலைகள் நைஜீரியாவுக்கு. நடுவில் நாக்கு மட்டும் உள்ளூர்ப் பையன்களுக்கும் பெண்களுக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, மீன்தலையை ஒரு கம்பியில் குத்தி நாக்கை அறுத்து விற்கிறார்கள். காசு அவர்கள் பைக்கு. பத்துப் பன்னிரண்டு வயதில் கையில் கத்தி, பையில் காசு! பி.காம். மூன்று வருஷத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

இத்தாலிச் சம்பந்தம் பழசு. 1432-ல் வெனிஸ் நகரத்து வியாபாரி பியெத்ரோ குவெரினி கப்பல் உடைந்து இந்தத் தீவுகளின் தென்கோடியில் வந்து ஒதுங்கினார். மீனவர்கள் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள். (சோறு என்றால் மீன்தான், வேறென்ன?) ஊர் திரும்பும்போது அந்த மனுஷர் கருவாட்டையும் கொண்டு போனார். விபத்தில் தப்பினவனுக்கும் வியாபாரப் புத்தி.

நான் போனது ஜூலை என்பதால் பந்தல்களெல்லாம் காலி. வாசனை மட்டும் பாக்கி. மீனவர்கள் தங்க 1120 வாக்கில் ஒய்ஸ்டைன் என்ற ராஜா கொட்டகைகள் கட்டிக் கொடுத்தாராம். அதே ரகக் கொட்டகைகளில் இன்று டூரிஸ்ட்டுகள் தங்குகிறார்கள். அங்கே கோடை ராத்திரியில் முழுசாக இருட்டாது என்பதால் எப்படியும் தூக்கம் வராது. வாடகையைக் கேட்டால் வருகிற கொஞ்சமும் போய்விடும். நான் 1957-ம் வருஷச் சட்டத்தை நம்பிக் கூடாரம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கல்லும் புதருமான ஒரு கரை. மேட்டில் ஒரு வீடு. அங்கிருந்து காலடியால் அளந்துகொண்டே வந்தேன். 150 மீட்டருக்கு 200 அடி போதும், நான் 260 வைத்தேன். நம்முடைய பழக்கம், யாராவது வந்து கத்துவார்கள் என்று காது அந்தப் பக்கமே இருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரப் பாட்டி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். துணி காயப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதைவிடப் பெரிய வரவேற்பு எனக்கு இதுவரை எந்த ஓட்டலிலும் கிடைத்ததில்லை.

இந்த நம்பிக்கை விஷயம் அங்கே ரொம்ப தூரம் போகிறது. 1868-ல் ஆரம்பித்த மலை நடைச் சங்கம் ஒன்று இருக்கிறது. நாடு முழுக்க அதற்கு 500-க்கு மேல் குடில்கள். பலவற்றில் காவலுக்கு ஆளே கிடையாது. உறுப்பினர்களிடம் ஒரே மாதிரிச் சாவி. சில குடில்களில் சரக்கறையும் உண்டு. டின் உணவு, மாவு, காப்பி. எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, எடுத்ததை நீங்களே எழுதி, நீங்களே கூட்டி, நீங்களே பணம் கட்டிவிட வேண்டும். ஆடிட்டர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்போ வவுச்சர்?" என்றார். அவர் கவலை அவருக்கு.

சரி, கணக்கு எங்கே இடிக்கிறது? ரைனே என்ற ஊரில்.

தீவுகளின் நெடுஞ்சாலை முடிகிற இடம் 'ஓ' என்ற ஊர். ஊரின் பெயரே ஒற்றை எழுத்து. அவர்கள் அரிச்சுவடியின் கடைசி எழுத்தும் அதுதான். பெயர்ப் பலகையைச் சுற்றுலாக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் ரைனே. அதன் தலைக்கு மேல் 448 மீட்டரில் ரைனேபிரிங்கென் என்கிற மலை. மேலேயிருந்து பார்த்தால் கடலும் தீவும் பாலமும் சிவப்பு வீடுகளும் காலண்டர் படம் மாதிரி தெரியும். அந்தப் படம் ஊர் உலகமெல்லாம் செல்போனில் பரவியது. கூட்டம் வந்தது. செங்குத்தான மண் பாதை, மழை வேறு. மண் கரைந்தது, கல் உருண்டது, உயிர்களும் போயின. எல்லோரும் நடக்கலாம் என்று எழுதினவர்கள், எல்லோரும் ஒரே மலைக்கு வருவார்கள் என்று 1957-ல் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

பூட்டுப் போட்டிருக்கலாம். போடவில்லை. நேபாளத்திலிருந்து ஷெர்பாக்களை அழைத்து வந்தார்கள். 2016-ல் வேலை தொடங்கியது. கற்களை ஹெலிகாப்டர் தூக்கிக் கொண்டுவந்து போட, அவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார வைத்தார்கள். ஏறத்தாழ 2000 படிகள். இமயமலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் கல்படி கட்டிய கை. நார்வேயில் இன்னும் எத்தனையோ மலைகளில் அதே கைவேலை இருக்கிறது. கோடையில் வந்து, படி கட்டி, கூலி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள்.

நானும் ஏறினேன். ஒரு படி போல் இன்னொன்று இல்லை, ஆனால் ஒன்றுகூட ஆடவில்லை. பாதிக்கு மேல் போனதும் மேகம் சரசரவென்று இறங்கி, முன்னால் போகிறவரின் முதுகு மறைந்துவிட்டது. படி ஈரமாகிவிட்டது. 1967-ல் ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குப் போனவர்களில் 18 பேர் இறந்த பிறகு, அந்த நாட்டில் மலைக்கான விதிகளை ஊர் ஊராகப் பரப்பினார்கள். அதில் ஒன்று, சமயம் பார்த்துத் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. குழந்தைகளுக்கே சொல்லித் தருகிறார்கள். நான் திரும்பினேன். காலண்டர் படத்தைக் கீழே வந்து ஒரு கடையில் போஸ்ட் கார்டாக வாங்கிக்கொண்டேன்.

இறங்கிவந்த இடத்தில்தான் கணக்கே இருந்தது. கூடாரம் போடாதே என்று பலகை. நடக்கிற உரிமை இலவசம், ஆனால் வண்டி நிறுத்த, கக்கூஸ் கழுவ, குப்பை அள்ளக் காசு வேண்டுமே. அந்த நகராட்சியின் மொத்த ஜனத்தொகை சுமார் 1000 பேர். கோடையில் வருகிற கூட்டத்தின் செலவை அந்த ஆயிரம் பேரின் வரிதான் தாங்க வேண்டியிருந்தது. கடைசியில் 2025-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கூட்டத்தால் திணறுகிற ஊர்கள், ராத்திரி தங்குகிற கட்டணத்தில் 3 சதவீதம் வரை வசூலிக்கலாம். என்னைக் கேட்டால் இது குறைச்சல். மலையைப் பூட்டுகிற நாள் வராமலிருக்க 5 சதவீதம்கூடக் கொடுக்கலாம்.

ஸ்வோல்வேர் துறைமுகத்திலிருந்து வடக்கே போகக் கப்பல் ஏறினேன். 1893-லிருந்து இந்தக் கரையோரம் ஓடுகிற தபால் கப்பல் தடம். பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லை அருகே கிர்க்கெனெஸ் வரை 34 துறைகள். 2011-ல் அவர்களுடைய அரசுத் தொலைக்காட்சி இந்தப் பயணத்தை 134 மணி நேரம் நிறுத்தாமல் நேரடியாக ஒளிபரப்பியது. கதை இல்லை, வசனம் இல்லை, மலை நகர்கிறது, அவ்வளவுதான். ஜனங்கள் கொட்டக் கொட்ட விழித்திருந்து பார்த்தார்கள்.

ராத்திரி பதினொன்றரை. வெளிச்சம் போகவில்லை. கப்பல் ராஃப்ட்சுண்ட் என்கிற ஒடுக்கமான நீர்வழியில், இரண்டு பக்கமும் மலை உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தில் கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் என்னையே பார்த்தார்.

"தம்பி இந்தியாவோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். சொந்த ஊர் மயிலிட்டி. 1987-ல் நார்வே வந்து, வடகோடி ஃபின்மார்க்கில் மீன் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ஃபின்மார்க்கின் மீன் ஃபேக்டரிகளில் நிறைய ஈழத் தமிழர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் தெற்கே நகரங்களுக்குப் போய்விட, மீன் வெட்டியது இவர்கள்தான்.

நான் கூடாரக் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"நான் வந்த புதிசில, கூட வேலை செய்யிற ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவம் எண்டான். நான் கேட்டன், அது ஆற்ற காணி எண்டு. அவனுக்கு விளங்கேல்ல. ஆற்ற காணியா இருந்தா என்ன, நடக்கத்தானே போறம் எண்டான். எங்கட ஊரில வேலிய அரை அடி தள்ளிப் போட்டா அண்ணன் தம்பியே கோட்டுக்குப் போவினம். எனக்கு அந்த மலையில நடக்கக் கால் கூசினது தம்பி."

"இப்போது?"

"இப்ப ஆவணியில மஞ்சள் பழம் பிடுங்கப் போறனான்." முல்ட்டே என்று அவர்கள் சொல்கிற அந்தப் பழத்துக்கு வடக்கே தனிச் சட்டம் உண்டு. நிலத்துக்காரர் பிடுங்கக் கூடாது என்று தடுக்கலாம். ஆனால் நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொண்டால் யாரும் கேட்க முடியாது. பசித்தவனுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

மயிலிட்டி பற்றிக் கேட்டேன். 1990-ல் ஊரே கிளம்பிவிட்டது. இராணுவம் உயர் பாதுகாப்பு வலயம் என்று எடுத்துக்கொண்டது. 27 வருஷம் கழித்து, 2017-ல்தான் துறைமுகத்தையும் கொஞ்சம் காணிகளையும் விட்டார்கள். அடுத்த வருஷம் இவர் போய்ப் பார்த்திருக்கிறார்.

"துறைமுகத்தில நிண்டு கடலைப் பார்த்தன். அது அப்பிடியே கிடக்கு. எங்கட காணி இன்னும் உள்ளுக்க. முள்ளுக்கம்பி போட்டிருக்கு. கம்பிக்கு இஞ்சால நிண்டு பார்த்தா அப்பு வைச்ச பனையில ரெண்டு தெரியும்."

"உறுதி இருக்கிறதா ஐயா?"

"இருக்கு. அம்மா ஷொப்பிங் பேக்கில சுத்திக் கொண்டு திரிஞ்சவ. இப்ப என்னட்ட இருக்கு. அங்க, கிர்க்கெனெஸில, அலுமாரிக்குள்ள."

கப்பல் ஒரு முறை ஊதியது. மலை அதைத் திருப்பிச் சொன்னது. அவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு இடப்பக்கம் ஒரு சரிவைக் காட்டினார். வேலி ஏதும் இல்லை. மேலே யாரோ ஒருவருடைய கூடாரம், ஆரஞ்சு நிறத்தில், சின்னதாக.

"குளிரும் அவனுக்கு" என்றார்.