பரோவியர் உலையின் வரலாறு

வெனிஸின் வடகரையில் படகு ஏறினால் சிறிது நேரத்தில் முரானோ தீவு வந்துவிடுகிறது. தீ விபத்துக்கு அஞ்சிய வெனிஸ் குடியரசு 1291இல் கண்ணாடி உலைகளை நகரத்திலிருந்து இங்கே அனுப்பியது. 1295ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்வது இன்றைய பரோவியர் – டோசோ நிறுவனம். எழுநூறு ஆண்டுகளாக ஒரே குடும்பம், தகப்பன் மகனுக்குச் சொல்லிவைத்த தொழில் ரகசியம் என்றுதான் இத்தகைய நிறுவனங்களைப் பற்றி நாம் எண்ணிக்கொள்கிறோம். தீவின் உலைக்கூடங்களையும் இந்தக் குடும்பத்தின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. பரோவியர் என்ற பெயரைக் காப்பாற்றியவர்களில் பாதிப்பேர் அந்தப் பெயரைச் சுமக்காதவர்கள்.

உலையடியில் தனியாள் வேலை என்று ஒன்று கிடையாது. மாயெஸ்ட்ரோ எனப்படும் தலைமைக் கைவினைஞர் பெஞ்சில் உட்கார்ந்து ஊதுகுழலை உருட்டிக்கொண்டே இருக்கிறார். நிறுத்தினால் உருகிய கண்ணாடி ஒருபக்கமாகத் தொங்கிவிடும். செர்வென்தே எனப்படும் துணையாள் உலைப்பானையிலிருந்து அடுத்த உருண்டையை எடுத்துவருகிறார். கடைநிலைப் பையன் குழலின் மறுமுனையில் ஊதுகிறான், சூட்டு வாயிலின் கதவைத் திறந்து மூடுகிறான். கண்ணாடி இறுகுவதற்குள் இத்தனையும் நடந்தாக வேண்டியிருப்பதால் பேச்சுக்கே இடமில்லை. பல ஆண்டுகள் ஒன்றாக நின்ற பழக்கம்தான் அங்கே பேசுகிறது. அந்தப் பழக்கம் இரத்த உறவில் வருவதல்ல.

வரலாறும் இதையே காட்டுகிறது. ஏறத்தாழ 1455இல் நிறமற்ற தெளிந்த ‘கிறிஸ்தால்லோ’வை உருவாக்கிய ஆஞ்சலோ பரோவியருக்கு அறிவுத் துணையாக இருந்தது வீட்டுக் குறிப்பேடு மட்டுமல்ல, வெனிஸில் தத்துவம் கற்பித்த பாவ்லோ கோதியின் பாடங்களும்தான். ஆஞ்சலோவின் மகள் மரியெத்தா 1487இல் சொந்தமாகச் சிற்றுலை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். ‘ரொசெத்தா’ என்ற கண்ணாடி மணியை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு. தகப்பனிடமிருந்து மகனுக்கு என்ற கதையில் இந்தப் பெண்ணுக்கு எங்கே இடம்? 1797இல் நெப்போலியனிடம் குடியரசு வீழ்ந்தது. பிறகு தொழிற்குழுக்களும் கலைக்கப்பட்டன, பொஹீமியக் கண்ணாடி சந்தையைப் பிடித்தது, முரானோவின் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மறுபடி அவற்றுக்கு வேலை கொடுத்தவர்களில் முக்கியமானவர் அந்தோனியோ சால்வியாத்தி, விச்சென்சாவிலிருந்து வந்த வக்கீல். பரோவியர்கள் அவரிடம் கூலிக்கு வேலை பார்த்து, 1880களில்தான் மீண்டும் தங்கள் பெயரில் தொழில் நடத்தினார்கள். 1936இல் டோசோ குடும்பத்தோடு இணைந்ததும் கைகோத்துப் பிழைத்த கதையே.

ரகசியம் காத்ததால்தானே இவ்வளவு காலம் தாங்கினார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, கைவினைஞர் வெளிநாடு போவதைக் குடியரசே சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் 1665இல் பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர் முரானோ ஆட்களைப் பாரிஸுக்கு ஈர்த்துக் கண்ணாடி ஆலை தொடங்கினார். 1612இலேயே அந்தோனியோ நேரி என்ற பாதிரியார் கண்ணாடிச் செய்முறைகளைப் புத்தகமாக அச்சிட்டிருந்தார். செய்முறை ஊருக்கே தெரிந்த பிறகும் தீவு நின்றது. மறுபக்கம், எர்கோலே பரோவியர் 1929–30இல் உருவாக்கிய ‘பிரிமவேரா’ கண்ணாடியைப் பாருங்கள். தற்செயலான கலவையில் பிறந்த அந்தப் பால்வெண்மையை அவராலேயே மீண்டும் வரவழைக்க முடியவில்லை. இவரும் மருத்துவம் படித்துவிட்டு உலைப்பக்கம் வந்தவர்தான்!

அப்படியானால் குடும்பப் பெயரால் பயனே இல்லையா? உண்டு. பழைய வரைபடங்களும் அச்சுகளும் சிதறாமல் ஓரிடத்தில் இருக்கின்றன, வாங்குபவர் நம்பி விலை கொடுக்கிறார். அதற்கு மேல் அந்தப் பெயரால் எதுவும் செய்ய இயலாது. எரிவாயு விலை ஏறிய 2021க்குப் பின் தீவில் பல உலைகள் நிறுத்தப்பட்டன. இரவு பகலாக எரியும் உலைக்குப் பழம்பெருமை எரிபொருள் ஆகாது. 1994இல் வெனெத்தோ மாநிலம் சட்டம் இயற்றிக் கொண்டுவந்த முரானோ முத்திரையும் தீவுக்கு உரியது, ஒரு வீட்டுக்கு அல்ல. அந்த முத்திரை போலிகளோடு மல்லுக்கட்டும், ஆனால் புதிதாக ஆள் சேர்க்காது. குழலை ஊதவும் கதவைத் திறக்கவும் பையன்கள் வராமல் போனால், எந்தப் பெரிய மாயெஸ்ட்ரோவாலும் ஒரு சரவிளக்கின் ஒற்றைக் கிளையைக்கூட ஒட்ட முடியாது.