பொலநறுவைக்கு ஒரு பகல்



காரைதீவிலிருந்து பொலநறுவைக்கு ஒரே நாளில் போய்வரலாம். எங்கள் மாதர் குழுவில் பதினொரு பேர் அப்படிப் போய்வந்தோம். நீங்களும் போக நினைத்தால் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

“தூரப் பயணமெண்டா நான் மகனைத் தேடித்தான் போயிருக்கன் மகள். காம்புக்கும் கோட்டுக்கும். சும்மா பாக்கிறதுக்கெண்டு போனதேயில்ல” என்றார் எங்களோடு வந்த பெரியம்மா. எங்களில் பலருடைய நிலையும் அதுதான்.

விடியுமுன்னே பஸ் ஏறுங்கள். மட்டக்களப்புக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து கொழும்புப் புகையிரதம் பொலநறுவை வழியாகப் போகும். நேரத்தை முதல் நாளே நிலையத்தில் கேட்டறியுங்கள். புகையிரதம் இல்லாவிட்டால் பஸ் உண்டு. கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் மழைக்காலம், அப்போது வேண்டாம். வெயில் காலத்தில் தண்ணீர்ப் போத்தல், குடை, அடையாள அட்டை மூன்றும் கட்டாயம்.

வழியில் வெலிக்கந்தைப் பகுதி வரும். 1992 ஏப்ரல் கடைசியில் அளிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்களும், முத்துக்கல், கறப்பொல கிராமங்களில் தமிழர்களும் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டது இந்தப் பக்கத்தில்தான். யன்னலோரம் இருந்த மாளிகைக்காட்டு ராத்தா துஆ ஓதினார். பெரியம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மனம்பிட்டியில் மகாவலிப் பாலம் கடந்த பிறகுதான் சாப்பாட்டுப் பொதிகளை அவிழ்த்தோம்.

பொலநறுவை நிலையம் இருப்பது கதுறுவெலையில். பழைய நகரம் அங்கிருந்து சுமார் 4 கிலோமீற்றர். கதுறுவெலையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளும் பள்ளிவாசலும் உண்டு. முச்சக்கர வண்டியை முழுச் சுற்றுக்கும் சேர்த்துப் பேசுங்கள். ஏறுமுன்னே விலையைத் தீருங்கள். “கீயத?” என்றால் எவ்வளவு; “வத்துற” என்றால் தண்ணீர். இந்த இரண்டு சொல்லோடும் சிரித்த முகத்தோடும் நாங்கள் பகலை ஓட்டினோம்.

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். விகாரைகளில் செருப்பும் தொப்பியும் கழற்றவேண்டும். மத்தியானத்தில் கல் சுடும். ஒரு சோடி காலுறை கொண்டு போங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. குரங்குகள் அதிகம், கைப்பையை இறுக்கிப் பிடியுங்கள்.

முதலில் பராக்கிரமபாகு மன்னனின் அரண்மனை. தடித்த செங்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவருடைய மனைவி லீலாவதி கணவனை இழந்த பிறகு 1197இல் அரசியானார். 1200இல் இறக்கப்பட்டார். 1209இலும் 1211இலும் மறுபடி அரியணை ஏறினார். இதைச் சொன்னதும் பெரியம்மா, “மூணுதரம் இறக்கியும் மூணுதரம் ஏறினவவா?” என்று கேட்டார். “ஓம், ஏறினவதான்” என்றேன்.

அடுத்தது தலதா மளுவ. அங்கே அட்டதாகே அருகில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. தமிழ் வேளைக்காரப் படையினர் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக ஏற்றுக்கொண்ட செய்தி அது. இன்னும் வடக்கே போனால் இரண்டாம் சிவாலயம். முழுவதும் கல்லாலான 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கோயில். ராஜராஜ சோழனின் அரசி பெயரால் வானவன் மாதேவி ஈச்சரம் என்று அழைக்கப்பட்டது. அங்கே விளக்கேற்றினோம். ராத்தா மரநிழலில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். பிறகு கதுறுவெலையில் அவர் தொழப் போனபோது நாங்கள் வெளியில் காத்திருந்தோம்.

கடைசியாகக் கல்விகாரை. ஒரே பாறையில் நான்கு புத்தர் உருவங்கள். படுத்திருப்பது 14 மீற்றர் நீளம். பக்கத்தில் வெள்ளை உடுத்த சிங்களத் தாய் ஒருவர் கண்மூடிக் கும்பிட்டபடி அழுதார். எதற்கென்று எங்களுக்குத் தெரியாது. பெரியம்மா தன்னிடமிருந்த தண்ணீரை நீட்டி, அன்று படித்த “வத்துற” என்ற சொல்லைச் சொன்னார். அந்தத் தாய் வாங்கிக் குடித்தார்.

மாலை மூன்று மணிக்குள் திரும்பப் புறப்படுங்கள். மனம்பிட்டி, வெலிக்கந்தைப் பாதையில் இருட்டினால் யானை வரும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். நாங்கள் சங்கத்தில் மாதாமாதம் சிறுகச் சேர்த்தே போனோம். பெரியம்மா அடுத்த பயணத்துக்கான முதல் மாதப் பணத்தைத் திரும்பும்போதே பஸ்ஸில் வைத்துத் தந்துவிட்டார்.