முகமறியா உறவினர்

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே நட்புப் பூண்டிருந்தனர் என்று பள்ளியிற் படித்த நாளில், எங்களுள் பலருக்கு அது நம்பத்தக்கதாகத் தோன்றியதில்லை. பாண்டிநாட்டுப் புலவர் ஒருவர், உறையூர்ச் சோழன் வடக்கிருந்த இடத்தைத் தேடி வந்து, தாமும் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பதைத் தேர்வுக்காக எழுதினோம், மதிப்பெண் பெற்றோம், அத்துடன் விட்டோம். பார்த்துப் பழகாத ஒருவரிடம் அத்தனை அன்பு எவ்வாறு உண்டாகும் என்று ஆசிரியரைக் கேட்டவர்களும் உண்டு. அவருக்கும் விடை தெரிந்திருக்கவில்லை. பிற்காலத்தில் இரண்டு புயல்கள் எங்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தின.

எங்கள் என்று இங்கே கூறுவது முப்பத்தொரு குடும்பங்களை. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களிற் பிறந்து, கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் நாகபுரியிலும் ஆமதாபாத்தின் மணிநகரிலும் தில்லியிலும் பிழைப்பவர்கள் நாங்கள். எங்களுள் ரயில்வேக் குமாஸ்தாக்கள் இருவர் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் செல்லும் வண்டிகளில் இடம் கிடைக்குமா, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நகரும் என்று விசாரிப்பதற்காகவே 2016ஆம் ஆண்டில் கைபேசியில் ஒரு குழு ஏற்பட்டது. நாளடைவில் ரயில் பேச்சுக் குறைந்து, கோயில் திருவிழா, பிள்ளைகளின் படிப்பு, வடநாட்டுச் சந்தையில் நல்ல புளி கிடைக்கும் கடை என்று பேச்சு விரிந்தது. உத்தியோகத்தை விட்டு ஊர் திரும்பிய மூவரும் அதிலே இருந்தனர். அவர்களுள் ஒருவர், நாகபுரியில் இருபது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, சேமித்த பணத்தில் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கியவர். எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைத்தோம். அவரது முகத்தை நேரிற் கண்டவர் எங்களுள் இருவரோ மூவரோதான்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, விடிவதற்கு முன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கஜம் என்றால் யானை. பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று, இடையிடையே 120 வரை சீறியது. கரை கடந்தபின் ஓய்ந்துவிடும் என்று எண்ணியிருந்த உள்நாட்டு ஊர்களையும் அது விடவில்லை. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி, ஆலங்குடி என்று மேற்கு நோக்கி மிதித்துக்கொண்டே சென்றது. இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கோடியக்கரைக் காட்டில் மான்களும் மடிந்தன.

முந்திய நாள் இரவு பத்தரை மணிக்கு அண்ணன் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "காற்று எழும்புகிறது. மாட்டை அவிழ்த்து விட்டேன். காலையில் பேசுவோம்." காலையில் அவர் பேசவில்லை. மறுநாளும் இல்லை. ஊரிலிருந்த மற்ற இருவரும் அப்படியே. எவருடைய வீட்டு எண்ணை அழைத்தாலும், தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்ற ஒரே குரல். தொலைக்காட்சியில் நாகப்பட்டினத்தைக் காட்டினார்கள், வேதாரண்யத்தைக் காட்டினார்கள். நம் தெருவைக் காட்டமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது எத்தகைய வேதனை என்பதை அயலூரில் வாழும் அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓடிப்போய்ப் பார்க்கலாமென்றால், கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஓர் இரவும் ஒரு பகலும். அதற்கப்பால் மற்றோர் இரவு. வேதாரண்யத்துக்கோ அக்காலத்தில் ரயிலே கிடையாது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி செல்லும் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று மூடியிருந்தார்கள். 2023 ஏப்ரலில்தான் அதில் மீண்டும் வண்டி ஓடியது.

அந்த நான்கு நாட்களில் குழுவிலே வந்து குவிந்த பொய்ச் செய்திகளுக்கு அளவில்லை. எங்கோ எப்போதோ எடுத்த படங்களையெல்லாம் நம் ஊரென்று அனுப்பினார்கள். நாகபுரி அக்கா ஒருவர் அவற்றைப் பார்த்து மயங்கி விழுந்ததாக அவருடைய மகன் எழுதிய பிறகே ஒரு கட்டுப்பாடு செய்தோம்: தம் உறவினர் கண்ணாற் கண்டு சொன்னதையன்றி வேறெதையும் எவரும் அனுப்பலாகாது. அன்று செய்த அவ்விதி இன்றுவரை குலையவில்லை. எங்கள் குழுவின் பெருமை என்று ஒன்றைச் சொல்வதானால் அதைத்தான் சொல்வோம்.

ஐந்தாம் நாள் மாலை அண்ணனின் குரல் வந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவரிடம் காசு கொடுத்துக் கைபேசிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டு, சாலைப் பாலத்தின் மேல் ஏறி நின்று பேசினார். "எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வீட்டு ஓடு போயிற்று. இருநூற்றுப் பத்து மரத்தில் பதினேழு நிற்கிறது." அவ்வளவுதான். மணிநகர் அன்பர் ஒருவர் ஆறுதல் கூறப் புகுந்தபோது அவர் இடைமறித்து, "மாடு திரும்பி வந்துவிட்டது, தம்பி" என்றார். அதற்குமேல் அவருக்குக் குரல் எழவில்லை.

தென்னை வளர்த்தவரன்றி மற்றையோருக்கு அந்தத் துயரம் முழுதும் விளங்காது. நெல் அழிந்தால் அடுத்த போகம் உண்டு. நெட்டைத் தென்னையோ நட்டு ஆறேழு ஆண்டு காத்த பின்னரே காய்க்கும். காய்க்கத் தொடங்கினால் அறுபது ஆண்டு சோறு போடும். அதனாற்றான் அதைப் பிள்ளை என்கிறார்கள். வீழ்ந்த மரமும் சும்மா கிடப்பதில்லை. அதை அறுத்து அப்புறப்படுத்தக் கூலி வேண்டும், அறுத்த கட்டையை வாங்குவாரும் இல்லை. அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணமும், வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. இந்த 1,100 என்ற எண்ணை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது ஒருமுறை வரும்.

உதவி என்றதும் எங்களுள் பலர் பழந்துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினர். அண்ணன்தான் தடுத்தார். பழந்துணி சாலையோரத்தில் குவிந்து மழையில் நனைந்து கிடக்கிறது. தார்ப்பாய் வேண்டும், மெழுகுவத்தி வேண்டும், கொசுவத்தி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடிதண்ணீர் வேண்டும் என்றார். தண்ணீர் பூமியில் இருந்தது. மின்சாரம் இன்றி அதை மேலே ஏற்ற வழியில்லை. குடிநீருக்காக மக்கள் சாலை மறியல் செய்த ஊர்கள் பல. ஆகவே எங்கள் பணத்தில் முதற்பகுதி ஒரு ஜெனரேட்டர் வாடகைக்குச் சென்றது. திருச்சியில் இருந்த ஒரு மைத்துனர் அதைச் சிற்றுந்தில் ஏற்றிக்கொண்டு போய், தெருவுக்கு இரண்டு மணி நேரமாக ஊர்த் தொட்டியை நிரப்பினார். நாற்பது தார்ப்பாய்களும் அதே வண்டியில் சென்றன. மின்கம்பம் நடக் கேரளத்து மின்வாரியத் தொழிலாளர் வந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் தங்கள் நாடு வெள்ளத்தில் மூழ்கியபோது இங்கிருந்து சென்ற கைகளை அவர்கள் மறக்கவில்லை போலும்.

அவ்வாண்டு திருக்கார்த்திகை புயலுக்குப் பின் சரியாக ஏழாம் நாள், நவம்பர் 23ஆம் தேதி வந்தது. ஊர் இவ்வாறு இருக்க நாம் விளக்கேற்றலாமா என்று ஜாம்ஷெட்பூர் அன்பர் ஒருவர் வினவினார். அண்ணன் எழுதிய விடை இது: "தாராளமாக ஏற்றுங்கள். இங்கே ஒரு வாரமாக எல்லா வீட்டிலும் கார்த்திகைதான்." சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முப்பது வீடுகளில் அன்று அகல் ஏற்றினோம்.

பணம் கொடுப்பதில்தான் இடர்ப்பாடு எழுந்தது. குழுவில் 64,000 ரூபாய் சேர்ந்தது. வாடகையும் தார்ப்பாயும் போக மிஞ்சியதை அண்ணனுக்கும் மற்ற இருவருக்கும் பகிர்ந்து கொடுக்க முனைந்தபோது மூவருமே மறுத்துவிட்டனர். பிறருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த கை, வரிசையில் நின்று அரிசி வாங்கிய வாரம் அது. மேலும் ஒரு சுமையை அவர்கள் ஏற்கவில்லை. எங்களிலும் சிலருக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டாயிற்று. கொடுப்பவனுக்கு மகிழ்ச்சி வேண்டும் என்பதற்காக வாங்குபவன் குனிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று என்று நாகபுரி அக்காதான் எடுத்துரைத்தார். முடிவில், பணமாகக் கொடாமல் தென்னங்கன்றுகளாக வாங்கிக் கொடுப்பதென்று பேசினோம். கன்றை மறுக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. 2019 ஆடியில் நூற்றிருபது கன்றுகள் அந்தத் தோப்பில் ஊன்றப்பட்டன; எஞ்சியவை மற்ற இரு தோப்புகளுக்குச் சென்றன. நிவாரண மனுக்களை நிரப்பும் வேலையைக் குமாஸ்தாக்கள் இருவரும் ஏற்றுக்கொண்டனர். படிவம் நிரப்புவது எங்களுக்குப் பிறவித் தொழில்போல் ஆகிவிட்டது. அது ஒருநாள் பிறர் கண்ணீரைத் துடைக்கவும் பயன்படும் என்று கனவிலும் எண்ணியதில்லை.

பின்பு எங்கள் முறை வந்தது. 2020ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி பிற்பகலில், அம்பன் புயல் சுந்தரவனப் பகுதியிற் கரையேறி, மாலைக்குள் கொல்கத்தாவை உலுக்கியது. தொற்றுநோய்க்காக ஊரடங்கு விதித்திருந்த காலம்; வழக்கமான ரயில்கள் ஓடவில்லை; ஊருக்குப் போவதென்ற பேச்சே இல்லை. இரண்டு நாள் முன்னதாகவே அண்ணன் கொல்கத்தாவில் இருந்த எங்களை ஒவ்வொருவராக அழைத்தார். எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் பிடியுங்கள், சில்லறைப் பணம் எடுத்து வையுங்கள், குடும்ப அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் பாலித்தீன் உறையில் கட்டி உயரத்தில் வையுங்கள், கண்ணாடி ஜன்னலுக்கு அருகில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள் என்று, புத்தகத்தில் இல்லாத புயற்சாத்திரத்தையெல்லாம் சொன்னார். அவர் சொன்னபடி தண்ணீர் பிடித்து வைத்த வீடுகளே தப்பின. மரங்கள் விழுந்து மின்சாரம் அற்றுப்போக, மாடி வீடுகளில் நான்கு நாள் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை.

இம்முறை தொடர்பு எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் நாங்கள். இரண்டு நாள் எங்கள் குரல் கேளாமல் அண்ணன் ஜாம்ஷெட்பூரை எழுப்பினார். ஜாம்ஷெட்பூர் கரக்பூரை எழுப்பியது. கரக்பூரிலிருந்து ஒருவர் வேலையாக வந்த வாகனத்தில் ஏறி எங்கள் குடியிருப்பின் வாசலிலேயே வந்து நின்றார். நாங்கள் அவரையும் அதுவரை கண்டதில்லை. முகக்கவசத்தை இறக்கி, "பேராவூரணி அண்ணன் பார்த்துவரச் சொன்னார்" என்றார்.

எங்களுக்கு நேர்ந்தது இருட்டும் தாகமும் மட்டுமே. ஆயின் எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் பாத்திரம் துலக்கும் வங்காளி அம்மையாருக்குச் சுந்தரவனத்தில் கூரையும் போயிற்று, கரை உடைந்து உப்புநீர் வயலிலும் குளத்திலும் ஏறிற்று. இதைக் குழுவில் எழுதினோம். மறுநாள் அண்ணனிடமிருந்து 1,100 ரூபாய் வந்து சேர்ந்தது. "ஒரு மரத்தின் விலை" என்று குறிப்பு. அதைக் கண்டு மற்றவர்களும் ஆளுக்கொரு மரம், இரண்டு மரம் என்று அனுப்பலானார்கள். வேதாரண்யத்து ஆசிரியர் மூன்று மரம் அனுப்பினார். ஐம்பத்திரண்டு மரங்களின் விலையில் அந்த அம்மையாருக்கும் அவருடைய தமக்கைக்கும் தகரக் கூரை அமைந்தது.

பணத்தினும் பெரிதாக ஒன்று அந்த ஆசிரியர் தந்தார். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்டத்து வயல்களில் ஏறிய உப்பை எவ்வாறு வெளியேற்றினார்கள் என்பதைக் கைபேசியில் விரிவாக எடுத்துரைத்தார். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்துவிட வேண்டும்; திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும்; பின்னர் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழவேண்டும். நாங்கள் எங்களுக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் இதை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தோம். தக்கைப்பூண்டுக்கு என்ன சொல் என்று தெரியாமல் திகைத்து, ஆசிரியர் அனுப்பிய படத்தைக் காட்டியபோது, அந்த அம்மையார் "தொஞ்சே!" என்று கூவிச் சிரித்துவிட்டார். எங்கள் ஊர்ச் செடியை உங்கள் ஊர்க்காரர் எனக்குக் கற்றுக்கொடுக்கிறாரா என்று கேட்டார். புயலுக்குப் பின் அவர் சிரித்து நாங்கள் கண்டது அதுவே முதல் தடவை.

இப்போது குழுவில் நாற்பத்து நான்கு குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டாரும் தம் எண்ணோடு, ஊரில் உள்ள மளிகைக் கடை அல்லது பள்ளியின் எண் ஒன்றையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஐப்பசி பிறந்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை சரிபார்ப்பது குமாஸ்தாக்களின் வேலை. எல்லோரும் ஓரிடத்தில் கூடுவதென்று இரண்டு முறை முயன்றோம். ஒருமுறை விடுமுறை கிடைக்கவில்லை, மறுமுறை வண்டியில் இடம் கிடைக்கவில்லை. ரயில் இடம் விசாரிக்க ஏற்பட்ட குழுவுக்கு இது சிறிது வெட்கக்கேடுதான்.

2019 ஆடியில் நட்ட கன்றுகள் இவ்வாண்டு பாளை விட்டிருக்கின்றன. அண்ணன் படம் அனுப்பியிருந்தார். எத்தனை மரம் காய் பிடித்திருக்கிறது என்று மணிநகர் அன்பர் கணக்குக் கேட்டதற்கு, அணில் தின்றது போக மிச்சத்தைத் தை மாதத்தில் எண்ணிச் சொல்வதாக எழுதியிருக்கிறார்.